நகல் பக்கத்துக்குத் தண்டனை உண்டா?

ஒரே வாசகம் இரண்டு பக்கங்களில் இருந்தால் கூகுள் அந்தத் தளத்தையே பின்னுக்குத் தள்ளிவிடும் என்பது இணையதளம் நடத்துவோர் பலரின் நம்பிக்கை. அப்படியொரு தண்டனை கிடையாது என்று கூகுள் 2008-லேயே எழுதிவிட்டது. இணையத்தில் இருப்பதில் 25 முதல் 30 சதவீதம் நகல்தான் என்று, அப்போது கூகுளில் பணியாற்றிய மேட் கட்ஸ் 2013-ல் சொன்னார். மேற்கோள், செய்தி நிறுவனங்கள் அனுப்பும் செய்தி, தயாரிப்பாளர் தரும் பொருள் விவரம் என நேர்மையான நகல்களே ஏராளம். தேடுபொறி செய்வது வேறு. ஒத்த பக்கங்களை ஒன்றாகத் திரட்டி, அவற்றில் ஒன்றை மட்டும் தேடல் முடிவில் காட்டுகிறது. அது எந்தப் பக்கம் என்பதுதான் நாம் கவலைப்பட வேண்டிய விஷயம்.

புடவை விற்கும் தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரே பட்டுப்புடவைக்கு நிறம் தேர்ந்தால் ஒரு முகவரி, விளம்பரம் வழியாக வந்தால் இன்னொன்று, முன்னால் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' சேர்த்தால் மற்றொன்று. தண்டனைக்குப் பயந்தவர் இவற்றை, தேடுபொறி எங்கே நுழையக் கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் தடுத்துவிடுகிறார். உண்மையான சேதம் அங்கேதான் தொடங்குகிறது. உள்ளே நுழைய முடியாத பக்கம் எதன் நகல் என்று கூகுளால் அறிய முடியாது. அந்த முகவரிக்குப் பிறர் கொடுத்த இணைப்புகளின் பலனும் மூலப் பக்கத்துக்கு வந்து சேராது. தேவையற்ற முகவரிகளை 301 என்னும் நிரந்தரத் திருப்பல் மூலம் மூலப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவதே முறை. திருப்ப முடியாதவற்றுக்கு, 2009 பிப்ரவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து அறிவித்த, மூலப் பக்கம் எது என்று சொல்லும் கனானிக்கல் குறி இருக்கிறது. ஆனால் அது பரிந்துரைதான், கட்டளையல்ல. குறி ஒரு முகவரியைச் சொல்ல, தளத்தின் முகவரிகளைப் பட்டியலிடும் சைட்மேப்பும் உள் இணைப்புகளும் வேறொன்றைச் சொன்னால், கூகுள் தன் போக்கில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். புடவைப் பட்டியலின் இரண்டாம், மூன்றாம் பக்கங்களிலும் முதல் பக்கத்தையே கனானிக்கலாகக் குறிப்பது பரவலான தவறு. அந்தப் பக்கங்களில் மட்டும் இருக்கும் புடவைகள் கூகுளின் கண்ணில் படாமலே போகலாம்.

2011-ல் கூகுளின் தேடல் முறையில் பாண்டா என்ற மாற்றம் வந்தபோது பல தளங்கள் சரிந்தனவே, அது தண்டனை இல்லையா என்று கேட்கலாம். சரிந்தது உண்மை. ஆனால் அந்த மாற்றம் குறிவைத்தது பிறர் எழுத்தை எடுத்துப் போட்டும், சாரமில்லாத பக்கங்களைக் குவித்தும் நடத்தப்பட்ட தளங்களை. சொந்தப் பக்கத்துக்கு நான்கு முகவரிகள் இருப்பதை அதோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. இந்தக் குழப்பத்தால்தான் பலர் 'விலை குறைவு' என்பதை 'மலிவு' என்று மாற்றி, ஒரே கட்டுரையைப் பத்து வடிவங்களில் போடுகிறார்கள். வாசகருக்குப் புதிதாக எதுவும் தராமல் இப்படிப் பக்கங்களைப் பெருக்குவதைத்தான் கூகுளின் ஸ்பாம் கொள்கை தடை செய்கிறது. இல்லாத தண்டனைக்கு அஞ்சி, இருக்கிற தண்டனையை வலிய வரவழைத்துக்கொள்கிறார்கள்.

நம் கட்டுரையை வேறொரு தளம் அனுமதியோடு மறுபிரசுரம் செய்யும்போது மட்டும் கனானிக்கல் குறியை நம்பி இருக்க வேண்டாம். அவர்கள் பக்கத்தில், தேடலில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் 'நோஇண்டெக்ஸ்' குறியைப் போடச் சொல்வதே கூகுள் இப்போது தரும் யோசனை. அனுமதி கொடுக்கும்போதே அதை நிபந்தனையாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.