கடன் வாங்குபவர் யார்? சுமப்பவர் யார்?

கடன் என்றாலே அஞ்ச வேண்டுவதில்லை. செங்கற்பட்டு வட்டாரத்து உழவர் பயிர்க்கடன் பெற்று நடவு செய்கிறார்; அறுவடையில் அதனை அடைக்கிறார். நெசவாளர் சங்கம் ரொக்கக் கடன் பெற்று நூல் வாங்குகிறது. நூல் சேலையாகி விற்றதும் கடன் தீர்கிறது. இவை தொழிலை வளர்க்கும் கடன்கள். தொழிலையே விழுங்கும் கடனும் ஒன்று உண்டு. அதன் இயல்பை அறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

மாமல்லபுரக் கரையில் கடனின்றி ஓடிவந்த படகு ஒன்றை ஒருவர் விலைக்கு வாங்குவதாகக் கொள்வோம். கைப்பணம் சிறிது; மற்றது கடன். அக்கடனுக்கு அந்தப் படகே ஈடு. வட்டியும் படகின் வருவாயிலிருந்தே. வலை கிழிந்தால் புதுவலைக்குப் பணமில்லை. உடன் செல்வோரின் பங்கும் குறைகிறது. கடன் வாங்கியவர் ஒருவர், சுமப்பவர் பலர்.

இங்கிலாந்தின் காற்பந்து உலகில் இதுவே பெரிய அளவில் நிகழ்ந்தது. கடனற்று விளங்கிய மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தை 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளேசர் குடும்பத்தார் ஏறத்தாழ 79 கோடி பவுண்டுக்கு வாங்கினர். விலையின் பெரும்பகுதி கடன். அதில் ஒரு பகுதிக்குக் கழகத்தின் சொத்தே ஈடாயிற்று. 2010இல் கழகம் சுமார் 50 கோடி பவுண்டுக்குக் கடன் பத்திரங்கள் வெளியிட்டுப் பழைய கடனை மாற்றிக்கொண்டது. செல்வம் மிக்க கழகமாதலின் அது தாங்கிற்று. சிறிய கழகங்கள் தாங்கவில்லை. 1885இல் தோன்றிய பரி கழகத்தின் மைதானம் அடமானத்தில் இருந்தது. ஊதியம் பாக்கி நின்றது. 2019 ஆகஸ்டில் அது லீக் அமைப்பிலிருந்தே நீக்கப்பட்டது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. ஐதராபாத்தின் டெக்கான் சார்ஜர்ஸ் கிரிக்கெட் அணியை டெக்கான் கிரானிக்கிள் நிறுவனம் 2008இல் சுமார் 10.7 கோடி டாலருக்கு ஏலம் எடுத்தது. மறு ஆண்டே அவ்வணி ஐ.பி.எல். கோப்பையை வென்றது. ஆயினும் 2012இல் உடைமை நிறுவனம் கடனில் அமிழ்ந்தது. ஆடியவர்களுக்குச் சேரவேண்டிய தொகை நின்றது. அவ்வாண்டு செப்டம்பரில் கிரிக்கெட் வாரியம் அணியின் உரிமையை ரத்து செய்தது. ஐதராபாத்தின் புதிய அணியைச் சென்னையின் சன் டி.வி. நிறுவனம் அக்டோபரில் பெற்றது. ரத்து பற்றிய வழக்கு பல்லாண்டு நடந்தது. களத்தில் வென்ற அணியைக் கணக்குப் புத்தகம் வீழ்த்தியது.

இதற்கு மாற்று யாது? 2005இல் மனம் நொந்த மான்செஸ்டர் அன்பர்கள் தாமே எஃப்.சி. யுனைடெட் என்னும் கழகத்தை அமைத்தனர். அங்கே ஓர் அங்கத்தினருக்கு ஒரே வாக்கு. பங்கு மிகுதியால் வாக்கு மிகுவதில்லை. அருகிலுள்ள ராச்டேல் நகரில் 1844இல் நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் வகுத்த நெறியும் அதுவே. பழைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் 1904இல் உழவர் கடன் சங்கம் பிறந்ததும் அந்நெறியின் வழியிலேயே.

எனவே, நம் சங்கத்தைப் பணம் படைத்த ஒருவர் விலைக்கு வாங்கிவிட இயலாது. ஆனால் அங்கத்தினர் கண்ணயர்ந்தால், சங்கத்தின் பெயரில் பிறர் நலனுக்குக் கடன் ஏறக்கூடும். அப்போது தறியும் களமும் வேறொருவர் வட்டிக்காக உழைக்கும். பொதுக்கூட்டத்தில் கடன் தீர்மானம் வரும்போது ஒவ்வொருவரும் இவற்றைக் கேட்டறிதல் வேண்டும்:

1. இக்கடனால் சங்கத்திற்கு நூலோ, விதையோ, கருவியோ வருகிறதா?
2. ஈடாக வைக்கப்படும் சொத்து எது?
3. எந்த வருவாயிலிருந்து, எத்தனை மாதத்தில் அடைபடும்?
4. அடைபடாவிடில் முதலில் யாருடைய கூலி குறையும்?

நான்காம் வினாவுக்கு விடை கிடைக்கும்வரை கை உயர்த்தாதிருப்பது தவறன்று. அது அங்கத்தினரின் கடமை.