நல்ல மனசு மட்டும் போதுமா?

நம்பிக்கை: இறுதிக்கட்ட நோயாளிக்குத் துணையாக இருக்க நல்ல மனசு போதும். பயிற்சியெல்லாம் டாக்டருக்கும் நர்ஸுக்கும்தான்.

உண்மை: மனசு நல்லதாக இருந்தும் விவரம் தெரியாவிட்டால் உதவி உபத்திரவமாகிவிடும். தாம்பரம் சானடோரியத்தையே எடுத்துக்கொள்வோம். 1928-இல் காசநோய்க்காகத் தொடங்கப்பட்ட அந்த மருத்துவமனை, 1990-களில் மற்ற இடங்களில் ஒதுக்கப்பட்ட எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் புகலிடமானது. எச்.ஐ.வி. தொட்டால் ஒட்டாது, நுரையீரல் காசநோயோ இருமலில் காற்று வழியே பரவும். இந்த வேறுபாடு தெரியாதவர், எவ்வளவு இரக்கம் இருந்தாலும், கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியவரிடமிருந்து தள்ளி நிற்பார். முகக்கவசம் போட வேண்டிய இடத்தில் போடாமல் உட்காருவார். வாய்க்கு ஊட்டுவதும் அப்படித்தான். கடைசி நாட்களில் விழுங்கும் திறன் குறைந்துவிடும். அரைமயக்கத்தில் இருப்பவருக்குப் பாசத்தோடு புகட்டும் ஒரு கரண்டிப் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். தலையைச் சற்று உயர்த்தி, ஈரத் துணியால் உதட்டையும் நாக்கையும் நனைப்பதே அப்போது செய்யக்கூடியது. பேச்சிலும் பக்குவம் வேண்டும். “நான் பிழைப்பேனா?” என்று கேட்பவரிடம் “எல்லாம் சரியாயிடும்” என்றால், மனதில் உள்ளதை அவர் அதற்குமேல் சொல்லமாட்டார். “உங்களுக்கு என்ன தோணுது?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது பழகினால்தான் வரும்.

பயிற்சி என்றால் ஆட்கள் வரமாட்டார்கள், வந்தாலும் அன்பு போய்க் கடமைதான் மிஞ்சும் என்பார்கள். கேரளத்தின் அனுபவம் வேறு. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் அக்கம்பக்கத்தாரைத் தன்னார்வலர்களாக்கியது. அவர்களுக்கு 16 மணி நேர வகுப்பும், அனுபவசாலிகளோடு நோயாளிகளைப் பார்க்கப் போகும் 4 நாட்களும் பயிற்சியாக வகுக்கப்பட்டன. அப்படியும் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். வீடு தேடி வரும் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறதே என்றும் கேட்கலாம். 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நோய் ஆதரவுச் சிகிச்சையும் உண்டு, நல்ல ஏற்பாடுதான். ஆனால் நர்ஸ் வந்துபோன பிறகு, அடுத்த முறை வரும்வரை, குடும்பம் தனியாகத்தான் சமாளிக்கிறது. அந்த இடைவெளியில்தான் தன்னார்வலரின் வேலை. மருந்தின் அளவை அவர் மாற்றக் கூடாது. வலி கூடினால் யாருக்குத் தகவல் சொல்வது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் இந்தச் சேவைக்குப் போக நினைப்பவர்கள் முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள்: என்ன பயிற்சி தருவீர்கள்? சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? இரண்டுக்கும் பதில் இல்லாமல் “நாளைக்கே வந்துடுங்க” என்கிற இடத்துக்குப் போகாதீர்கள்.