குழந்தையின் பராமரிப்பை இருவரும் கற்றுக்கொள்ளுங்கள்



பெரிய ஆஸ்பத்திரியில் பல நாள் இருந்த குழந்தையை "இனி வீட்டுக்கு அழைத்துப் போகலாம்" என்று டாக்டர் சொல்கிறார். மனம் குளிர்கிறது. அதே நேரம் பயமும் வருகிறது. மூக்கில் உணவுக் குழாய் இருக்கிறது. வலிப்பு மருந்து வேளை தவறாமல் கொடுக்க வேண்டும். "ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாவது ஆச்சுன்னா நாம என்ன பண்றது?" என்று கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்க்கிறீர்கள்.

இந்தப் பயம் நியாயமானது. அதைப் போக்கும் வழி, வேலையைப் பிரித்துக்கொண்டு முறையாகக் கற்றுக்கொள்வதுதான்.

நம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்த்திருப்பீர்கள். பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே உள்ளன. ஏரியைப் பார்க்க ஒரு வாரியம், தோட்டத்தைப் பார்க்க ஒரு வாரியம். பொறுப்பு 360 நாளுக்கு. ஒருமுறை பொறுப்பில் இருந்தவர் அடுத்த மூன்று ஆண்டு வர முடியாது. ஊர்க் காரியத்தை ஒரே ஆள் தலையில் கட்டக்கூடாது என்று நம் ஊரார் அன்றே எழுதி வைத்தார்கள். நோயுள்ள குழந்தையின் பராமரிப்பும் அப்படித்தான்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்

"அவ பார்த்துக்குவா" என்று தகப்பனார் வெளியே நிற்கக் கூடாது. குறைந்தது இரண்டு பேர் வார்டு நர்சிடம் கற்றுக்கொள்ளுங்கள். பார்த்தால் மட்டும் போதாது. நர்ஸ் பக்கத்தில் நிற்கும்போதே உங்கள் கையால் செய்து காட்டுங்கள். தவறு வந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். மருந்தின் பெயர், அளவு, வேளை, அடுத்த முறை வர வேண்டிய தேதி, கேட்க வேண்டிய போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டை அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயில் உணவு கொடுக்கும்போது

1. சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

2. குழந்தையின் தலையும் மார்பும் உயர்ந்திருக்கும்படி சாய்த்து வையுங்கள். மட்ட மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டாதீர்கள்.

3. குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று நர்ஸ் சொல்லித் தந்த முறையில் ஒவ்வொரு தடவையும் பாருங்கள். மூக்கருகே உள்ள அடையாளம் நகர்ந்திருந்தாலோ, இருமல், மூச்சுத்திணறல் இருந்தாலோ ஊட்டாதீர்கள். உணவு நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

4. உணவு தானாக மெல்ல இறங்கட்டும். வேகமாக அழுத்தித் தள்ளாதீர்கள். ஊட்டிய பிறகு அரை மணி நேரம் அதே நிலையில் வைத்திருங்கள்.

5. குழாய் வெளியே வந்துவிட்டால், பயிற்சி இல்லாதவர் மறுபடி செருகக் கூடாது.

வீட்டுப் பெரியவர்களிடமும் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். "பாவம், நாக்கு வறண்டு கிடக்குதே" என்று பாட்டி அன்பால் ஒரு ஸ்பூன் பால் புகட்டிவிடுவார். டாக்டர் சொல்லாமல் வாய் வழியாக எதுவும் தரக் கூடாது.

வலிப்பு வந்தால்

குழந்தையை ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் வலிப்பு நிற்காது. கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தில் நிற்காவிட்டாலும், அடுத்தடுத்து வந்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். "இப்போ வலிப்பே வரலையே" என்று மருந்தைத் திடீரென நிறுத்தாதீர்கள்.

அசைய முடியாத குழந்தையை 2 மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். படுக்கைப்புண் வராமல் தடுப்பது எளிது, வந்தபின் ஆற்றுவது கடினம்.

ஊரிலேயே கிடைக்கும் உதவி

வீட்டுக்கு வந்ததும் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அளிக்க ஏற்பாடு உண்டு. உங்கள் குழந்தைக்கு எது பொருந்தும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதிவு செய்யுங்கள். பள்ளி வயதுக் குழந்தை என்றால், வீட்டுவழிக் கல்வி பற்றி வட்டார வள மையத்தில் விசாரியுங்கள்.

கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மருத்துவச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றுடன் காஞ்சிபுரத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள்.

சம்பளத்துக்கு ஆள் வைப்பதானால், வருபவர் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு செய்த நர்சா, கூட இருந்து உதவும் ஆளா என்று முதலில் கேளுங்கள். உதவி ஆள் குளிப்பாட்டலாம், துணி மாற்றலாம். ஊசி போடும் வேலையை அவரிடம் விடாதீர்கள்.

தாயையும் கவனியுங்கள்

ராத்திரி பகலாக விழித்திருக்கும் தாய்க்கு ஒருநாள் கண் அசந்துவிடும், மருந்து வேளை தவறிவிடும். அது அவள் குற்றமல்ல. ஆகவே முறை போட்டுக்கொள்ளுங்கள். முன்னிரவு ஒருவர், பின்னிரவு ஒருவர். தாய்க்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்து நோட்டில் எழுதுங்கள்.

அடுத்த குழந்தைக்கு அவசரப்பட வேண்டாம். இந்தக் குழந்தையின் நோய்க்குக் காரணம் என்ன, அடுத்த குழந்தைக்கும் வருமா என்று இருவரும் சேர்ந்து டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை காப்பர்-டி, மாத்திரை, ஆணுறை போன்ற தற்காலிக முறைகளில் உங்களுக்கு ஏற்றதைச் சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெறலாம்.

இன்று இரவே நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். எந்த வேலை யாருடையது என்று இருவரும் உட்கார்ந்து எழுதுங்கள்.

தாயின் கையும் தகப்பன் கையும் சேர்ந்தால் தொட்டிலின் பாரம் குறையும்!