காஸ் எப்போது தீரும்?

கேள்வி: சமையல் காஸ் திடீரெனத் தீர்ந்து திண்டாடாமல் இருக்க என்ன வழி?

பதில்: வீட்டு உபயோக சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு நிரப்பப்படுகிறது. காலி சிலிண்டரின் எடை அதன் மேற்பகுதியிலேயே குறிக்கப்பட்டிருக்கும். மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் இருப்பு தெரியும். தராசு இல்லாவிட்டால் ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழாகத் துடைக்கலாம். காலியான பகுதி சீக்கிரம் உலரும். திரவ எரிவாயு நிற்கும் பகுதியில் ஈரம் சற்றுத் தங்கும். ஈரத்தின் மேல் விளிம்பே இருப்பின் மட்டம்.

கொண்டைக்கடலையை இரவே ஊறவைப்பது, பாத்திரத்தை மூடிச் சமைப்பது, கொதி வந்ததும் தீயைக் குறைப்பது ஆகியவை எரிவாயுவை மிச்சப்படுத்தும். தீ மஞ்சளாக எரிந்தால் பர்னரைச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு சிலிண்டர் உள்ள வீட்டில், ஒன்று தீர்ந்ததுமே அடுத்ததற்குப் பதிவு செய்துவிடுவது நல்லது.