கண்மாய்க் கிரிக்கெட்டும் சித்திரை நடையும்: கோடையில் மூட்டுகளைக் காத்தல்

ஏப்ரலில் தேர்வுகள் முடிந்த மறுவாரமே எங்கள் எலும்பு மூட்டுப் பிரிவில் ஆண்டுதோறும் ஒரே வகையான காட்சியைக் காண்கிறோம். வீங்கிய கணுக்காலை நீட்டியபடி ஒரு சிறுவன். அருகில் கவலையோடு தாயும் தாத்தாவும். ஆண்டு முழுவதும் பள்ளியிலும் தனிப்பயிற்சி வகுப்பிலும் உட்கார்ந்திருந்த பிள்ளை, விடுமுறை தொடங்கியதும் வறண்ட கண்மாய்க்குள் காலை முதல் மாலை வரை கிரிக்கெட் ஆடியிருப்பான். கால் பிசகிய அன்றே எங்களிடம் வருவதில்லை. பத்து நாள் கழித்தே வருகிறார்கள். இடையில் சுளுக்கு எடுப்பவரிடம் இரண்டு மூன்று முறை எண்ணெய் போட்டு உருவியிருப்பார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், சில வேளைகளில் அது சுளுக்கே அன்று, எலும்பு முறிவு.

வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் ‘வளர்ச்சித் தட்டு’ என்னும் குருத்தெலும்புப் பகுதி உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். மூட்டைப் பிணைக்கும் நாரை (ஜவ்வு என்று மக்கள் வழங்குவது இதனையே) விட இத்தட்டு வலிமை குறைந்தது. பெரியவர்க்கு நார் கிழியும் அதே திருகலில் சிறுவனுக்குத் தட்டு விலகிவிடக்கூடும். அவ்விடத்தை அழுத்தி உருவினால் முறிவு மேலும் விலகலாம். கவனியாது விட்டால் அந்த எலும்பு கோணலாகவோ குட்டையாகவோ வளர நேரலாம். பிள்ளைகளின் சுளுக்கை எளிதாகக் கருத வேண்டாம் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இக்காயங்களுக்குப் பெரும்பாலும் விளையாட்டு காரணமன்று. பழக்கமில்லாத மூட்டின் மேல் ஒரே நாளில் ஏற்றப்படும் சுமையே காரணம். மூச்சும் தசையும் விரைவில் பழகிவிடும். நாரும் எலும்பும் வலுப்பெற வாரக்கணக்கில் ஆகும். எனவே விடுமுறையின் முதல் வாரத்தில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஆடினால் போதும். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம். இதைப் பிள்ளைகள் கேட்பார்களா என்று தாய்மார்கள் எங்களிடம் சிரித்துக்கொண்டே வினவுவதுண்டு. வெயிலைக் காரணம் காட்டிச் சொன்னால் ஓரளவு கேட்கிறார்கள். அது பொய்க் காரணமும் அன்று. வெப்பம் 40 பாகை செல்சியஸை எட்டும் நாள்களில் உடல் நீரிழந்து தசைகள் தளர்கின்றன. தளர்ந்த கால் தரையில் சரியாக ஊன்றாது. காலை எட்டரை மணிக்குள்ளும் மாலை ஐந்து மணிக்கு மேலும் ஆடுவதே நன்று.

ஆடுகளத்தையும் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். கண்மாய்ச் சேற்றில் பதிந்த மாட்டுக் குளம்படிகள் கோடையில் கல்லாக இறுகிவிடும். திருமங்கலம், பேரையூர்ப் பக்கக் கரிசல் நிலங்களிலோ கால் நுழையும் அளவுக்கு வெடிப்புகள் இருக்கும். பந்தை நோக்கி ஓடும் பிள்ளை தரையைப் பார்ப்பதில்லை. பந்து வீசுபவர் ஓடிவரும் பாதையையும் மட்டையாளர்கள் ஓடும் பாதையையும் மண்வெட்டியால் சமப்படுத்த அரைமணி நேரம் போதும்.

ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடேற்றுவது வீண் சடங்கு அன்று. மெல்லோட்டம், ஒற்றைக் காலில் நிற்றல், அரைக் குந்தல், குதித்து இறங்குதல் ஆகியவை கொண்ட இருபது நிமிடப் பயிற்சி முறையை நார்வே நாட்டில் கால்பந்து ஆடும் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் சோதித்தனர். 2008இல் வெளியான அவ்வாய்வில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே: குதித்து இறங்கும்போது முழங்கால் உள்நோக்கிச் சாயாமல் பாதத்துக்கு நேராக மடங்க வேண்டும். கபடி ஆடும் இளைஞர்க்கு இது மிகவும் வேண்டப்படுவது.

முதியோர்க்குக் கோடை என்பது சித்திரைத் திருவிழா. கள்ளழகரைக் காண ஊர்களிலிருந்து நடந்து வருவோர் பலர். அழகர்கோவிலிலிருந்து மதுரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். வீட்டுக்குள்ளேயே நடமாடிய முழங்கால் ஒரே இரவில் இத்தொலைவைத் தாங்காது. மூன்று வாரங்களுக்கு முன்பே காலையில் நடக்கத் தொடங்கி, தொலைவைப் படிப்படியாகக் கூட்டுவதும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து அமர்வதும் பயனளிக்கும். ஊன்றுகோலை வலிக்கும் காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும். பலர் வலிக்கும் பக்கத்திலேயே பிடிக்கின்றனர். தண்ணீர் பீய்ச்சும் இடங்களில் தரை வழுக்கும், ஆகவே ஓரமாக நிற்பது நலம். மற்றொன்றையும் கூற வேண்டும். நடைவலிக்கு மருந்துக்கடையில் தாமாக மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். நீரிழந்த உடலில் சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உண்போர்க்கு இத்தீங்கு அதிகம்.

கால் பிசகிவிட்டால் முதல் இரண்டு நாள்களே முக்கியம். ஆட்டத்தை உடனே நிறுத்துங்கள். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பதினைந்து நிமிடம் வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யலாம். ஐஸ் இல்லையெனில் பானைத் தண்ணீரில் நனைத்த துணி உதவும். விரல் பக்கமிருந்து மேல்நோக்கிக் கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். அந்நாள்களில் எண்ணெய் தேய்த்தலும் வெந்நீர் ஒத்தடமும் வேண்டா. அவை வீக்கத்தை மிகுவிக்கும்.

நான்கு அடி எடுத்து வைக்க இயலாவிட்டாலோ, கணுக்கால் எலும்பின் மேல் விரலால் தொட்டாலே வலித்தாலோ அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முழங்காலில் ‘டக்’கென்ற ஓசை கேட்டுச் சில மணி நேரத்தில் வீங்கினால் ஜவ்வு கிழிந்திருக்கலாம். மூட்டின் உருவம் மாறியிருந்தாலோ விரல்கள் மரத்து வெளிறியிருந்தாலோ 108ஐ அழையுங்கள். கபடியில் விலகிய தோள்பட்டையைக் களத்திலேயே இழுத்துப் பொருத்த முயலாதீர்கள். அருகே ஓடும் நரம்பு சிதைவுறக்கூடும்.

வெறும் சுளுக்கு என்று உறுதியானபின், இரண்டு மூன்று நாளில் கணுக்காலை மெல்ல அசைக்கத் தொடங்கலாம். வாரக்கணக்கில் அசையாது கிடப்பதும் மூட்டை இறுக்கிவிடும். வீக்கம் வடிந்தவுடன் பிள்ளைகள் மட்டையைத் தேடுவார்கள். அடிபட்ட காலை மட்டும் ஊன்றி அரை நிமிடம் தள்ளாடாமல் நின்று, அக்காலிலேயே வலியின்றிப் பத்து முறை குதிக்க முடிந்தால் களத்துக்கு அனுப்புங்கள்; முடியாவிட்டால் இன்னும் சில நாள் நடுவராக நிற்கட்டும்.