பச்சை குத்திய தோல் ஆறும் காலம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பச்சை குத்தும் ஊசி, தோலின் மேலடுக்காகிய புறத்தோலைத் துளைத்துக்கொண்டு, அதற்குக் கீழே டெர்மிஸ் என வழங்கும் உட்தோலில், ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் மையை இறக்குகிறது. புறத்தோலின் செல்கள் அடியிலிருந்து மேலேறிச் சில வாரங்களில் உதிர்ந்துவிடுபவை ஆதலால் அங்கே தங்கும் மை நிலைப்பதில்லை. உட்தோலில் இறங்கிய மையே ஆயுள் முழுவதும் படமாகத் தெரிகிறது. ஆகவே குத்திக்கொண்டவர் முதல் இரண்டு மூன்று வாரங்களில் கழுவுவதும் களிம்பிடுவதும் படத்துக்கு அன்று, அதன் மேல் திறந்து கிடக்கும் புண்ணுக்கே. டாட்டூ பராமரிப்பைப் பற்றி உலவும் நம்பிக்கைகளில் பெரும்பாலானவை இவ்வேறுபாட்டைக் காணாமல், புண்ணை மறந்து படத்தைக் காக்க முனைந்ததால் பிறந்தவை.

“பொருக்கு உதிர்ந்தால் மையும் போய்விடும்”

முதல் வாரத்தின் இறுதியில் தோல், வண்ணம் படிந்த மெல்லிய செதில்களாக உரிவதைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். அச்செதில்களில் இருப்பது புறத்தோலில் தேங்கிய மை மட்டுமே. அது எப்படியும் வெளியேற வேண்டியது. உட்தோலில் இறங்கிய மைத்துகள்களை, உடலுக்குள் நுழையும் அயற்பொருள்களை விழுங்கும் மேக்ரோபேஜ் என்னும் பெருவிழுங்கு செல்கள் கவர்ந்து வைத்துக்கொள்கின்றன. பிரான்சின் மார்செய் நகர நோயெதிர்ப்பியல் ஆய்வாளர்கள் எலிகளின் வாலில் பச்சை குத்தி நடத்தி, 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு நுட்பத்தை வெளிப்படுத்தியது: மையைச் சுமக்கும் செல் இறக்கும்போது துகள்கள் வெளிப்படுகின்றன, அவற்றைப் புதிதாக வரும் செல்கள் உடனே விழுங்கிக்கொள்கின்றன, செல்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் படம் இடம் மாறுவதில்லை. இத்தகைய ஏற்பாட்டைச் சோப்பு நுரையோ உதிரும் செதிலோ குலைத்துவிட முடியாது. எனினும், தானே உதிர்வதும் நகத்தால் பிய்ப்பதும் ஒன்றல்ல. தடித்த பொருக்கு அடியிலுள்ள ஈரத் திசுவோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், அதைப் பறித்தெடுக்கும்போது புண் மீண்டும் திறந்து, அவ்விடத்தில் நிறம் திட்டுத்திட்டாக வெளிறவோ தழும்பு விழவோ கூடும்.

“காற்றாட விட்டுக் காய வைக்க வேண்டும்”

புண் காய்ந்தால்தான் ஆறும் என்பது வழிவழியாக வரும் எண்ணம். புண் “காய்ந்துவிட்டது” என்பதை ஆறிவிட்டது என்னும் பொருளிலேயே பலரும் சொல்கின்றனர். ஜார்ஜ் வின்டர் என்னும் ஆய்வாளர் 1962ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட சோதனை இவ்வெண்ணத்தை அசைத்தது. இளம் பன்றிகளின் தோலில் ஏற்படுத்திய ஆழமற்ற காயங்களுள் சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடியும், சிலவற்றைக் காற்றுப்பட விட்டும் அவர் ஒப்பிட்டபோது, மூடிய காயங்களில் புதிய புறத்தோல் ஏறத்தாழ இரு மடங்கு விரைவாகப் படர்ந்திருந்தது. காய்ந்து இறுகிய பொருக்கின் அடியில் புதிய செல்கள் ஈரமுள்ள ஆழத்தைத் தேடி வழி துளைத்துச் செல்ல வேண்டியிருக்க, ஈரமான பரப்பில் அவை தடையின்றி நகர்கின்றன.

இதை அறிந்தவர்கள் மறு எல்லைக்குப் போய்விடுவதும் உண்டு. பெட்ரோலியம் ஜெல்லியைத் தடிமனாக அப்பினால் தோல் ஊறி வெளுத்து, பொருக்கு கொழகொழத்து, கிருமிக்கு இடமளிக்கும். தோல் இறுகாதிருக்கும் அளவுக்கு மெல்லிய பூச்சே போதுமானது. குத்தியவுடன் கடைகளில் சுற்றிவிடப்படும் சமையலறைப் பிளாஸ்டிக் தாளையும், மருத்துவமனைகளில் காயத்தின் மேல் ஒட்டும் ஒளி ஊடுருவும் பாலியூரித்தேன் படலத்தையும் ஒன்றெனக் கருதுவதும் தவறு: பின்னது நீரையும் கிருமியையும் தடுத்து, ஆவியையும் ஆக்சிஜனையும் ஊடுருவ விடுகிறது, முன்னது வேர்வையையும் கசியும் மஞ்சள் நீரையும் உள்ளேயே தேக்குகிறது. சென்னையின் புழுக்கத்தில் அதைச் சில மணி நேரத்துக்கு மேல் வைத்திருப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

“மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போதும், கருவாடு கூடாது”

குறவர் பெண்கள் பச்சை குத்திய முறையை, 1909ஆம் ஆண்டு வெளிவந்த தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் எட்கர் தர்ஸ்டன் பதிந்துள்ளார். மஞ்சளும் அகத்தி இலையும் சேர்த்து எரித்துப் பெற்ற கரியே அவர்களது மை. ஆகவே தமிழகத்தில் பச்சைக்கும் மஞ்சளுக்குமுள்ள உறவு பழையது. மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் சேர்மம் ஆய்வகச் சோதனைகளில் அழற்சியைத் தணிப்பதும் உண்மையே. ஆனால் அஞ்சறைப் பெட்டியின் மஞ்சள்தூள் கிருமி நீக்கப்பட்ட பொருளன்று. அதில் மண்ணிலிருந்து வந்த நுண்ணுயிர்களின் வித்துகள் இருக்கக்கூடும். சிலருக்கு அது தோல் ஒவ்வாமையையும் உண்டாக்குகிறது. இவற்றைவிடப் பெரிய இடையூறு, மஞ்சளின் கறை புண்ணைச் சுற்றிப் பரவும் சிவப்பை மறைத்துவிடுவது. தொற்றின் முதல் அடையாளமே அதனால் கண்ணுக்குத் தப்பிவிடும். தேங்காய் எண்ணெயைப் பொறுத்தவரை, தோல் முழுவதும் மூடிய பின் வறட்சியைப் போக்க அது உதவும். திறந்த புண்ணில், பலர் விரலிட்ட புட்டியிலிருந்து எடுத்துத் தடவ வேண்டியதில்லை.

கருவாடு, கத்தரிக்காய், முட்டை ஆகியவை புண்ணில் சீழ் வைக்கும் என்னும் பத்தியத்துக்கு, அந்த உணவுகளில் ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர்களைத் தவிர, பிறரிடம் அடிப்படை இல்லை. புதிய திசுவைக் கட்ட உடலுக்குப் புரதம் தேவைப்படும் வேளையில் முட்டையை விலக்குவது வேடிக்கையானது.

“ஆன்டிபயாட்டிக் களிம்பு பூசினால் கிருமி அண்டாது”

தோல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 922 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து, 1996ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், வெறும் பெட்ரோலியம் ஜெல்லி பூசியவர்களுக்கும் பேசிட்ராசின் என்னும் ஆன்டிபயாட்டிக் களிம்பு பூசியவர்களுக்கும் இடையே தொற்று விகிதத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஒவ்வாமைத் தடிப்பு மட்டும் களிம்பு பூசியவர்களிடமே தோன்றியது. சுத்தமான புண்ணுக்குத் தேவை இதமான சோப்பும் ஓடும் நீரும் கழுவிய கையுமே. இந்திய நிலைமையில் இதற்குமேல் ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது: மருந்துக் கடையில் பொதுவாக நீட்டப்படும் கலவைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு சேர்ந்திருக்கும். அது சிவப்பையும் அரிப்பையும் அடக்கி ஆறியதுபோல் காட்டினாலும், புதுத் தோல் உருவாவதைத் தாமதப்படுத்தி, தொற்றை மறைத்து வளரவிடுகிறது. இவ்வகைக் களிம்புகளை 2018ஆம் ஆண்டு அரசு மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது காரணத்தோடுதான்.

“கடல் நீர் புண்ணை ஆற்றும்”

ஒரு புறம் தண்ணீரே படக்கூடாது என்பார்கள். மறுபுறம் கடலில் முங்கினால் உப்பு எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்பார்கள். குளிப்பதில் தீங்கில்லை, ஊறுவதே தீங்கு. மருத்துவர் புண் கழுவப் பயன்படுத்தும் உப்புநீர் கிருமி நீக்கப்பட்டது, 0.9 விழுக்காடு உப்புள்ளது. கடல்நீர் ஏறத்தாழ 3.5 விழுக்காடு உப்போடு எண்ணற்ற உயிர்களும் வாழும் நீர். வெதுவெதுப்பான கரையோர நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்னும் பாக்டீரியா, திறந்த புண் வழியே நுழைந்து திசுவை அழிக்க வல்லது. குத்திய 5ஆம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்திய 31 வயது ஆண் ஒருவர் இத்தொற்றால் உயிரிழந்ததை 2017ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழ்க் குழுமத்தின் வெளியீடு பதிவு செய்தது. அவருக்குக் கல்லீரல் நோய் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இக்கிருமி அத்தகையோரிடமே பெரிதும் கொடுமை காட்டுகிறது. குளம், கிணறு, நீச்சல்குளம் ஆகியவற்றுக்கும் தோல் மூடும்வரை விலக்கு பொருந்தும். வெயிலுக்கும் அப்படியே: முதலில் தளர்வான பருத்தித் துணியால் மறைத்து, தோல் முற்றும் மூடிய பின்னரே சன்ஸ்கிரீன் பூச வேண்டும்.

“சுத்தமாக இருந்தால் எதுவும் வராது”

முதல் சில நாள்களின் சிவப்பும் வீக்கமும், பின்வரும் அரிப்பும் இயல்பானவை. நாளுக்கு நாள் குறைய வேண்டியவை. குறையாமல் பரவும் சிவப்பு, சீழ், காய்ச்சல், புண்ணிலிருந்து நீளும் செங்கோடு ஆகியவை மருத்துவரிடம் அன்றே செல்ல வேண்டிய அறிகுறிகள். எல்லாச் சிக்கலுக்கும் பராமரிப்பின் குறைதான் காரணம் என்று குத்திக்கொண்டவர்மேல் பழி சுமத்துவதும் சரியன்று. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் 2011ஆம் ஆண்டின் இறுதியில், ஒரே கலைஞரிடம் குத்திக்கொண்ட 19 பேருக்கு, சாம்பல் நிறம் தீட்டிய இடங்களில் விடாத தடிப்புகள் எழுந்தன. காரணம் மைக்கோபாக்டீரியம் செலோனே என்னும், காசநோய்க் கிருமிக்கு உறவான பாக்டீரியா; அது பிரிக்கப்படாத மைப் புட்டிகளிலேயே இருந்தது. எவ்வளவு கழுவினாலும் அது போயிருக்காது; திசுவை வெட்டியெடுத்துச் சோதித்த பிறகே அது இன்னதென்று தெரிந்தது, அதற்குரிய மருந்தும் வேறு. மை எந்த நிறுவனத்தது, அதன் தொகுதி எண் என்ன என்பதைக் குத்திக்கொள்ளும் நாளிலேயே கேட்டுக் குறித்து வைத்திருப்பவரிடம் மருத்துவரின் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.