கடைசல் எந்திரத்துக்கு ஒரு தாங்கி



பழைய கடைசல் எந்திரம் ஒன்று மலிவாகக் கிடைத்ததென்றும், ஜொகூர் மாசாயிலுள்ள உன் வீட்டின் பின்கட்டிலேயே அதற்கு இரும்பில் ஒரு தாங்கி வெல்டிங் செய்ய உத்தேசித்திருப்பதாகவும், எந்த ஹாலோ (உள்ளே வெற்றிடமுள்ள இரும்புக் குழாய்) வாங்கினால் பளு தாங்குமென்றும் கேட்டு எழுதியிருந்தாய். பளுவைப் பற்றிய விசாரத்தை முதலில் விடு. 80 கிலோ எந்திரத்தை நான்கு கால்களில் சுமப்பது சாதாரண ஹாலோவுக்கு ஒரு பொருட்டன்று. எந்திரம் ஓடும்போது கால்கள் அசையாமல் நிற்குமா என்பதே பிரதானமான சங்கதி. உயர்ந்த ரக எஃகு என்று கடைக்காரர் கூடுதல் விலை சொன்னால் மயங்காதே. பலம் ரகத்துக்கு ரகம் வேறுபடினும், ஒரே பளுவுக்கு வளையும் அளவு எல்லா எஃகுக்கும் ஏறக்குறைய ஒன்றே.

விறைப்பைத் தருவது வடிவம். 25 மில்லிமீட்டர் சதுரக் கெட்டிக் கம்பி மீட்டருக்கு 4.9 கிலோ நிறை; 3 மி.மீ. கனமுள்ள 50 மி.மீ. சதுர ஹாலோ அதைவிடச் சற்றுக் குறைந்த எடையே இருந்தும், வளையாமல் எதிர்ப்பதில் அதைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. நடுவில் சும்மா கிடக்கும் இரும்பை விளிம்புக்குத் தள்ளியதன் பலன் அது. உனக்கு அண்டையிலுள்ள பாசீர் கூடாங்கில் கட்டப்பட்டு, 2016இல் சபாக் கடலுக்குச் சென்ற மலிக்காய் எண்ணெய் மேடையின் பெருந்தூண்களும் உள்ளே வெற்றிடம் கொண்டவையே.

அப்படியானால் குழாயை இன்னும் அகலமாக்கி, சுவரை இன்னும் மெல்லியதாக்கினால் என்ன என்று கேட்பாய். 1850இல் திறக்கப்பட்ட பிரிட்டானியா பாலத்துக்காக ஃபேர்பேர்ன் என்ற பொறியாளர் மெல்லிய இரும்புக் குழாய்களைப் பளுவேற்றிப் பரீட்சித்தபோது, அவற்றின் மேற்புறத் தகடு சுருங்கி மடிந்துபோனது. உனக்கோ அதற்கு முன்பே வேறொரு தொல்லை வரும்: 1.2 மி.மீ. சுவரில் குச்சி வெல்டிங் வைத்தால், பழகாத கைக்கு உலோகம் உருகி ஓட்டை விழும். 3 மி.மீ. பிழை பொறுக்கும், என் அபிப்பிராயத்தில் உனக்கு அதுவே உத்தமம்.

நாகப்பூச்சு பூசிய ஹாலோ துரு பிடிக்காது என்று ஆசைப்படாதே. நாகம் 907 டிகிரியிலேயே ஆவியாகிவிடும்; அந்த வெண்புகையைச் சுவாசித்தவனுக்கு அன்றிரவே குளிர்சுரம் காணும். பூச்சில்லாத கறுப்பு ஹாலோவை வாங்கி, வேலை முடிந்ததும் வர்ணமடி. ஜொகூரின் ஈரக்காற்று உள்ளே புகாதபடி, திறந்த முனைகளைச் சிறு தகடு வைத்து அடைத்துவிடு. சட்டத்தின் மூலைகளை முதலில் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்து, இரு மூலைவிட்டங்களும் சமமா என்று அளந்த பிறகே முழுவதும் வெல்டிங் செய். கால்களுக்கிடையே குறுக்குச் சாய்வு ஒன்றாவது கொடு.

கடையில் 20 அடி நீளமாகத்தான் தருவார்கள். எந்திரத்தின் அடிப்பாகத்து நீள அகலங்களை அளந்து எழுது. எத்தனை ஹாலோ வேண்டியிருக்குமென்று கணக்கிட்டு அனுப்புகிறேன்.